எண்ணெய் ஃபர்னஸில் ரிலே போனால்: துடைப்பதா, மாற்றுவதா, ஃபர்னஸையே தூக்குவதா?

ஒரே கோளாறைப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். முதலில் வந்த பெரியவர் ரிலேயை மாற்றினால் போதும் என்றார். இரண்டாமவர் எண்ணெயை எரிக்கும் பர்னரை முழுதாக மாற்றிவிடலாம் என்றார். மூன்றாமவர் பேஸ்மென்டில் இரண்டு நிமிடம் நின்றார், தகட்டில் 1986 என்று இருந்ததைப் படித்தார், புது ஃபர்னஸுக்கு விலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். முதல் விலை நூறுகளில் இருந்தது. இரண்டாவது ஆயிரத்தைத் தாண்டியது. மூன்றாவதை என் மனைவியிடம் காட்டவே ஒரு நாள் ஆயிற்று.

நாங்கள் இருப்பது மாசசூசெட்ஸின் நடுப்பகுதியில், 1960களில் கட்டிய வீட்டில். இந்தப் பக்கம் பல தெருக்களுக்கு இன்னும் காஸ் குழாய் வரவில்லை. பேஸ்மென்டில் 275 காலன் எண்ணெய் டேங்க், பக்கத்தில் சூடான காற்றை ஊதும் ஃபர்னஸ். வீடு வாங்கும்போது சமையலறையைப் பார்ப்போம், பள்ளிக்கூடத்தின் ரேட்டிங்கைப் பார்ப்போம், இதைப் பார்க்க மாட்டோம். முதல் ஜனவரியில் அது தன்னைத்தானே காட்டிக்கொள்ளும்.

ரிலே என்று இங்கே சொல்வது பர்னரின் மேல் உட்கார்ந்திருக்கும், உள்ளங்கை அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான பெட்டியை. ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். இதன் சரியான பெயர் பிரைமரி கன்ட்ரோல். தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்டதும் உள்ளே ஒரு ரிலே 'டக்' என்று மூடும். மோட்டார் சுழலும், பம்ப் எண்ணெயைத் தெளிக்கும், பொறி பறக்கும். பிறகு தீ பிடித்ததா என்று அதுவே பார்க்கும். பிடிக்காவிட்டால் குறித்த வினாடிக்குள் எல்லாவற்றையும் நிறுத்திச் சிவப்புப் பொத்தானை வெளியே தள்ளிவிடும். இந்தப் பகுதியின் பழைய ஃபர்னஸ்களில் அதிகம் தென்படுவது ஹனிவெல்லின் ஆர்8184ஜி. எங்கள் வீட்டிலும் அதுதான் இருந்தது.

வழிகளை ஒப்பிடும் முன் ஒரு கேள்வியை முடித்துவிட வேண்டும். போனது ரிலேதானா?

ரிலேமேல் பழி போடும் முன்

சிவப்புப் பொத்தான் வெளியே வந்துவிட்டால் பலரும் ரிலே போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலும் அது ரிலே தன் வேலையை ஒழுங்காகச் செய்ததற்கான அடையாளம்தான். அதனால் பர்னர் எப்படி நின்றது என்பதைக் காதாலும் கண்ணாலும் கவனியுங்கள்.

பொத்தானை அழுத்தியதும் மோட்டார் ஓடுகிறது, தீ மட்டும் வரவில்லை, முக்கால் நிமிடத்தில் நின்றுவிடுகிறது. இதுதான் அடிக்கடி நடப்பது, இதில் ரிலேவுக்குப் பங்கில்லை. ஆர்8184ஜியில் மோட்டாருக்கும் பொறிக்கும் ஒரே ஆரஞ்சு வயர் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. மோட்டார் ஓடுகிறது என்றால் ரிலே மூடிவிட்டது, அவ்வளவுதான். தேட வேண்டியது டேங்கில் எண்ணெய் இருக்கிறதா, ஃபில்டர் அடைத்ததா, எண்ணெயைத் தெளிக்கும் நாசில் அடைத்ததா, குழாயில் காற்று புகுந்ததா, பொறி முனைகள் தேய்ந்தனவா என்பதை. டேங்கில் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. மிதவை மாட்டிக்கொண்ட அளவுமானி காலி டேங்கையும் கால் டேங்க் என்று காட்டும்.

தீ நன்றாகப் பிடிக்கிறது, எரிகிறது, ஆனாலும் அதே முக்கால் நிமிடத்தில் நின்றுவிடுகிறது. இங்கே சந்தேகப்பட இரண்டு பேர்தான்: தீயைப் பார்க்கும் கண், அல்லது ரிலே. கண் என்பது கேட் செல் எனப்படும் சிறிய வில்லை, கேட்மியம் சல்ஃபைடு பூசியது. இருட்டில் அதன் தடை லட்சம் ஓமுக்கு மேல் இருக்கும். நல்ல தீயைப் பார்த்தால் சில நூறு ஓமுக்கு, ஆயிரத்துக்குக் கீழே, இறங்கிவிடும். கரி படிந்தாலோ, கோணம் மாறினாலோ, கண் மங்கினாலோ, தீ எரிந்துகொண்டிருக்கும்போதே "தீ இல்லை" என்று ரிலேயிடம் பொய் சொல்லும்.

இருவரில் யார் என்று பிரித்தறியப் பெரியவர் ஒரு சோதனை செய்து காட்டினார். கேட் செல்லின் இரண்டு மெல்லிய மஞ்சள் வயர்களையும் ரிலேயின் எஃப்-எஃப் முனைகளிலிருந்து கழற்றினார். சட்டைப் பையிலிருந்து 1,500 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்தார். இரு முனையிலும் முதலைக்கவ்வி பற்றவைத்து, தானே செய்து வைத்திருந்தார். பர்னரை ஓடவிட்டு, தீ பிடித்த உடனே, நேரம் முடிவதற்குள், அந்த ரெசிஸ்டரை எஃப்-எஃப்புக்குக் குறுக்கே மாட்டினார். ரெசிஸ்டரைப் பார்த்த ரிலே தீ இருப்பதாக நம்பித் தொடர்ந்து ஓடினால் ரிலே நல்லது, கண்தான் கெட்டது. அப்போதும் நிறுத்திவிட்டால் கெட்டது ரிலே. ரெசிஸ்டரைத் தொடங்கும் முன்பே மாட்டக் கூடாது. எரியாதபோதே வெளிச்சம் தெரிகிறது என்று எண்ணி ரிலே தொடங்கவே மறுக்கும். எங்கள் வீட்டில் பர்னர் ஓடியது, ரெசிஸ்டர் ஏறியது, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நாற்பத்திச் சொச்சம் வினாடியில் 'டக்'. ரிலேதான்.

அப்புறம், எதுவுமே நடக்காத வகை. மோட்டாரும் ஓடவில்லை, பொத்தானும் உள்ளேயே இருக்கிறது. பேஸ்மென்ட் படியின் தலைப்பில் இருக்கும் சிவப்புத் தகட்டு சுவிட்சை யாராவது விளக்கு சுவிட்ச் என்று அணைத்திருக்கலாம். எங்கள் மாமியார் முதல் முறை வந்தபோது அதைத்தான் செய்தார். அது இல்லை என்றால் ரிலேயின் டி-டி முனைகளிலிருந்து தெர்மோஸ்டாட் வயர்களை எடுத்துவிட்டு, இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பாருங்கள். பர்னர் கிளம்பினால் கோளாறு தெர்மோஸ்டாட்டில் அல்லது அதன் வயரில். கிளம்பாவிட்டால் கறுப்பு, வெள்ளை வயர்களுக்கிடையே 120 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் ஃபியூஸ், அல்லது சூடு அதிகமானால் மின்சாரத்தை வெட்டும் லிமிட் சுவிட்ச். வந்தும் கிளம்பவில்லை என்றால் கேட் செல் வயர் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் ரிலேயைத் தாராளமாகக் குற்றம் சொல்லலாம். மல்டிமீட்டரைக் கையில் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் 120 வோல்ட் இருக்கும் பெட்டியைத் திறக்க வேண்டாம். டி-டி வரைக்கும் 24 வோல்ட்தான், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறானது ஒன்று உண்டு: தெர்மோஸ்டாட்டை அணைத்தும் பர்னர் நிற்காது. டி வயரைக் கழற்றியும் ஓடினால் ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டுவிட்டன. இது அரிது, ஆனால் காத்திருக்கும் விஷயமில்லை. சிவப்புச் சுவிட்சை அணைத்துவிட்டு அப்புறம் போன் செய்யுங்கள்.

இந்த இடத்தில் பொத்தானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரிலே போன இரவில் வீடு 55 பாரன்ஹீட்டுக்கு இறங்கியிருந்தது. "இன்னொரு தடவை அமுக்கிப் பாருங்களேன்" என்றாள் மனைவி. நானும் அமுக்கினேன். எங்கள் நாசில் மணிக்கு 0.85 காலன் தெளிப்பது. முக்கால் நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 40 மில்லி. தீ பிடிக்காமல் பத்து முறை அமுக்கினால் ஃபர்னஸின் எரியும் அறைக்குள் 400 மில்லி எண்ணெய், நம் வீட்டு டம்ளரில் இரண்டு. பதினோராவது முறை தீ பிடித்தால் அது அத்தனையும் சேர்ந்து பிடிக்கும். புகைக்குழாயின் மூட்டுகள் வாய் திறந்து, வீடு முழுக்கக் கரி பறக்கும். பஃப்பேக் என்பார்கள். திரைச்சீலை, சோபா, அலமாரிக்குள் இருக்கும் பட்டுப்புடவை என்று எதையும் விடாது. ஒரு முறை அமுக்கலாம். மறுபடியும் நின்றால் அதோடு விடுங்கள்.

துடைத்து ஓட்டுவது

பணம் அதிகம் ஆகாத வழி இது. தொடுமுனைகளில் கரி பிடித்து ரிலே 'டர்ர்' என்று அடித்துக்கொண்டால், திறந்து துடைத்து ஓடவைப்பவர்கள் உண்டு. தெர்மோஸ்டாட் வயரின் திருகு தளர்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும். அதை இறுக்கினாலே சரியாகிவிடும் என்பதால் முதலில் அதைப் பாருங்கள். தொடுமுனைகளைத் தேய்த்து ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இது விசிறியின் ரெகுலேட்டர் இல்லை, எண்ணெய் கொட்டும்போது நிறுத்த வேண்டிய ஒரே கருவி. தேய்த்த முனை சீக்கிரம் மீண்டும் கருகும், ஒட்டிக்கொள்ளவும் கூடும். ஞாயிறு இரவை ஓட்ட வேறு வழியில்லை என்றால் சரி. திங்கட்கிழமை புதியது வாங்கிவிட வேண்டும்.

கண் மட்டும் கெட்டது என்றால் இதே தலைப்பில் சேர்த்துக்கொள்ளலாம். மெல்லிய துணியால் துடைத்தால் பாதி நேரம் போதும். இல்லாவிட்டால் புதிய கேட் செல், ஒரு குடும்ப பீட்ஸா விலைதான்.

அதே மாடலில் புதியது

ஆர்8184ஜி இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. அதே நாலங்குலப் பெட்டியில் அதே மூன்று வயர்கள்: கறுப்பு, வெள்ளை, ஆரஞ்சு. அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம், எதையும் யோசிக்க வேண்டியதில்லை. பலரும் இதைத் தேர்ந்தெடுப்பது இந்த நிம்மதிக்காகத்தான்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது 15, 30, 45 வினாடி என்று வெவ்வேறு நேரங்களில் வருகிறது. தீ பிடிக்காவிட்டால் எத்தனை வினாடியில் நிறுத்த வேண்டும் என்பது அது. உங்கள் பழைய பெட்டியில் 15 என்று இருந்தால் கடையில் இருந்தது என்பதற்காக 45ஐ மாட்டக் கூடாது. மேலே போட்ட டம்ளர் கணக்கை மூன்றால் வகுத்தால் காரணம் விளங்கும். நேரம் குறைவானதற்கு மாறலாம், நீளமானதற்கு மாறக் கூடாது.

இணையத்தில் பாதி விலைக்குப் பழைய ரிலேக்கள் விற்கிறார்கள். வேண்டாம். அதன் உள்ளே வெப்பத்தில் வளைந்து நேரத்தைக் கணக்கிடும் ஓர் உலோகப் பட்டை இருக்கிறது. அது எத்தனை குளிர்காலம் கண்டது, எந்தப் பேஸ்மென்டின் வெள்ளத்தில் ஊறியது என்று வெளியே தெரியாது.

மின்னணு கன்ட்ரோல்

நான் எடுத்த முடிவு இது, அதனால் இங்கே கொஞ்சம் சாய்ந்துதான் எழுதுவேன்.

ஹனிவெல்லின் ஆர்7284, பெக்கெட்டின் ஜெனிசிஸ், கார்லினின் 60200 ஆகியவை இந்த வகை. (ஹனிவெல்லின் வீட்டுக்கருவிப் பிரிவு 2018ல் ரெசிடியோ என்று தனிக் கம்பெனியாகிவிட்டது. பெட்டியின் மேல் இன்னும் ஹனிவெல் ஹோம் என்றுதான் இருக்கும், போலி என்று பயப்பட வேண்டாம்.) பழையதன் இடத்திலேயே உட்காரும். விலை பழைய மாடலைவிடப் பெரிதாகக் கூடுதல் இல்லை. நான் விசாரித்த கடைகளில் இரண்டுமே நூற்றுக்கும் இருநூறு டாலருக்கும் இடையில்தான் இருந்தன.

முதல் வித்தியாசம் பொறி. ஆர்8184ஜி பர்னர் ஓடும் நேரம் முழுக்கப் பொறியை அடித்துக்கொண்டே இருக்கும். புதியது தீ பிடித்ததும் பொறியை நிறுத்திவிடும். மின்சாரம் கொஞ்சம் மிச்சம், பொறி முனைகளும் டிரான்ஸ்ஃபார்மரும் நாள்படும். இந்தப் பலன் கிடைக்க நீல வயரைப் பொறிக்கும் ஆரஞ்சை மோட்டாருக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். பழைய பழக்கத்தில் இரண்டையும் ஆரஞ்சிலேயே முறுக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பர்னர் ஓடும், நீங்கள் கூடுதலாகக் கொடுத்த காசுக்குத்தான் அர்த்தமில்லாமல் போகும். வேலை முடிந்ததும் நீல வயர் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

இரண்டாவது, திரும்பத் திரும்ப அமுக்குவதை இது அனுமதிக்காது. தொடர்ந்து மூன்று முறை பூட்டிக்கொண்டால் சாதாரணமாக அமுக்கினால் திறக்காத கடும்பூட்டுக்குப் போய்விடும். என்னைப் போன்ற கணவர்களையும் என் மனைவியைப் போன்ற மனைவிகளையும் மனதில் வைத்துத்தான் இதைச் செய்திருக்க வேண்டும்.

மூன்றாவது, இது பேசும். விளக்கின் சிமிட்டலிலோ சின்னத் திரையிலோ ஏன் நின்றது என்று சொல்லும். சில மாடல்கள் கேட் செல்லின் ஓம் அளவையே காட்டும். ரெசிஸ்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலையும் பெரியவர் இல்லாத ஊரில் இது பெரிய உதவி.

தொடங்கும் முன் சில வினாடி காற்றை மட்டும் ஊதுவது, அணைந்த பின்னும் ஊதுவது என்ற வசதிகளும் விளம்பரத்தில் இருக்கும். அதற்குப் பம்பில் சோலனாய்டு வால்வு வேண்டும். வால்வு இல்லாத பம்பில் மோட்டார் சுழன்றாலே எண்ணெய் தெளித்துவிடும் என்பதால் அந்த வசதியை அணைத்து வைக்கத்தான் வேண்டும். ஊதா வயர் எதிலும் சேராமல் மூடி போட்டு நிற்கும். பழைய பம்ப் உள்ளவர்கள் இதற்காக மட்டும் புதியதை வாங்க வேண்டாம்.

இதன் குறை என்று சொல்லப்படுவது ஒன்று: "புதுசு போட்டதிலிருந்து அடிக்கடி நிற்கிறது." எங்கள் வீட்டிலும் நான்காம் நாள் நின்றது. "பழசு இப்படி நின்னதே இல்லையே" என்ற விசாரணை எனக்கு நடந்தது. உண்மை என்னவென்றால், எப்போதும் அடித்துக்கொண்டிருந்த பொறி, பாதி அடைத்த நாசிலின் நொண்டித் தீயை முட்டுக்கொடுத்துக் காப்பாற்றி வந்திருக்கிறது. பொறி நின்றதும் தீ தன் காலில் நிற்க முடியாமல் அணைந்துவிட்டது. நாசிலையும் ஃபில்டரையும் மாற்றியதும் சரியானது. அதனால் இந்த வழியில் போகிறவர்கள் டியூன்-அப் (பர்னரைச் சுத்தம் செய்து சரிப்படுத்துவது) செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். கடைசியாக எப்போது நாசில் மாற்றினார்கள் என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால், நிச்சயம் சேர்க்க வேண்டும்.

தெர்மோஸ்டாட் மாட்டிய கதை

எங்கள் ரிலே ஏன் போனது? பெரியவர் பேஸ்மென்டிலிருந்து மேலே வந்து கூடத்துச் சுவரைப் பார்த்து, "இதை யார் மாட்டினது?" என்று கேட்டார். நான்தான். நவம்பரில் தள்ளுபடியில் வாங்கிய வைஃபை தெர்மோஸ்டாட்.

ஆர்8184ஜி தனக்குள்ளேயே ஒரு சிறிய 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை வைத்திருக்கிறது. டி-டி இரண்டும் அதன் சொந்த சர்க்யூட். சென்ட்ரல் ஏசி இருக்கும் வீட்டில் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கும். தெர்மோஸ்டாட்டின் ஆர்ஹெச் (சூட்டுக்கு), ஆர்சி (ஏசிக்கு) முனைகளை இணைத்து ஒரு குட்டிப் பாலம் போட்டே விற்கிறார்கள், ஒற்றை டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வீடுகளுக்காக. இரண்டு இருக்கும் வீட்டில் அதை எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கவில்லை. ஏசியின் மின்சாரம் ரிலேக்குள் நுழைய நானே வழி வெட்டிக் கொடுத்திருந்தேன். டி-டிக்குள் வெளி மின்சாரத்தைச் செலுத்தக் கூடாது என்பது இந்த வகை கன்ட்ரோல்களின் அடிப்படை விதி. தெர்மோஸ்டாட்டுக்கு அது ஓட மின்சாரம் தரும் சி வயர் வேண்டும் என்றால் நடுவில் ஒரு தனி ரிலே வைத்து, அதன் தொடுமுனையை மட்டும் டி-டிக்குக் கொடுக்க வேண்டும்.

நம்மவர்களில் பலருக்கு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் என்றால் ஒரு சனிக்கிழமை மதிய வேலை. எண்ணெய் ஃபர்னஸ் வீட்டில் அந்தப் பாலத்தைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். இதைச் சரிசெய்யாமல் புது ரிலேயை மட்டும் போட்டிருந்தால் அதுவும் அடுத்த பொங்கலுக்குள் போயிருக்கும்.

புகைக்குழாயில் பெட்டி இருந்தால்

சில பழைய வீடுகளில் ரிலே பர்னர் மேல் இருக்காது, புகைக்குழாயில் குத்தி நிறுத்தியிருப்பார்கள். ஆர்ஏ117ஏ அந்த வகை. தீயைக் கண்ணால் பார்க்காது, புகையின் சூட்டில் முறுக்கும் ஓர் உலோகச் சுருளால் உணரும். சூடு ஏறிச் சுருள் திரும்புவதற்கே நேரமாகும் என்பதால் இது நிறுத்துவதும் மெதுவாகத்தான். சுருளில் கரி அப்பினால் இன்னும் மந்தமாகும். சுருளைச் சுத்தம் செய்து, தண்டை லேசாக இழுத்துவிட்டு முனைகளைக் குளிர்நிலைக்குக் கொண்டுவந்தால் பல சமயம் மீண்டும் ஓடும். ஆனால் இதற்குப் புதிய சுருள்பெட்டி தேடி அலைவதைவிட கேட் செல் முறைக்கு மாறிவிடுவது நல்லது. அதற்கு பர்னருக்குள் கண் தீயைப் பார்க்கும்படியான இடம் வேண்டும். மிகப் பழைய பர்னர்களில் அது இருக்காது. அப்படியென்றால் பேச்சு ரிலேயைத் தாண்டிப் போய்விடுகிறது.

பர்னர், ஃபர்னஸ், ஹீட் பம்ப்

இரண்டாமவர் சொன்ன பர்னர் மாற்றம் கேலிக்குரியதல்ல. ஃபர்னஸின் உடல் நன்றாக இருந்து, பர்னருக்கு மட்டும் உதிரி பாகம் கிடைக்காத நிலை என்றால் அதுதான் சரி. புதிய பர்னர் மின்னணு கன்ட்ரோலோடுதான் வரும். எங்கள் பர்னருக்கு எல்லா பாகமும் கிடைக்கிறது, ஆகவே வேண்டாம் என்றேன்.

மூன்றாமவரின் ஆலோசனையை வயதை வைத்து முடிவு செய்யக் கூடாது, ஹீட் எக்ஸ்சேஞ்சரை வைத்து முடிவு செய்ய வேண்டும். தீக்கும் வீட்டுக் காற்றுக்கும் நடுவில் இருக்கும் அந்த இரும்புச் சுவரில் விரிசல் விழுந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு படுக்கையறைக்கு வரும். அப்போது ரிலேவுக்கு ஒரு டாலர்கூடச் செலவழிக்காதீர்கள். விரிசல் இருக்கிறது என்று சொல்பவரிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள், போட்டோவாவது கேளுங்கள். எங்களுக்கு வந்தவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

புது எண்ணெய் ஃபர்னஸ் வாங்கினால் எவ்வளவு மிச்சம்? அமெரிக்காவில் 2013 முதல் புதிய எண்ணெய் ஃபர்னஸ்களின் ஆண்டுத் திறன் குறைந்தது 83 சதவீதம் இருக்க வேண்டும். எங்களுடையது நல்ல டியூன்-அப்புக்குப் பின் புகைச் சோதனையில் 80ஐத் தொட்டது. அந்தச் சோதனை எரியும் நேரத்தை மட்டும் பார்ப்பது, ஆண்டுக் கணக்கில் கொஞ்சம் குறையும். அப்படியே வைத்துக்கொண்டாலும் அந்த இடைவெளிக்காக மட்டும் ஒரு பழைய காரின் விலையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எண்ணெயை விட்டே போவதென்றால், வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப். இதை நானே ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு காலன் எண்ணெயில் ஏறக்குறைய 1,38,500 பிடியு (வெப்பத்தின் அளவு). 80 சதவீதம் வீட்டுக்கு வந்தால் 1,10,800. ஒரு யூனிட் மின்சாரம் 3,412 பிடியு, ஹீட் பம்ப் சீசன் சராசரியாக அதை 2.7 மடங்காக்கித் தந்தால் சுமார் 9,200. ஆக, ஒரு காலனுக்கு 12 யூனிட். இங்கே யூனிட் 30 சென்ட் என்று வைத்தால் 3 டாலர் 60 சென்ட். எண்ணெய் அதற்கு மேல் விற்றால் ஹீட் பம்ப் மலிவு, கீழே என்றால் எண்ணெய். உங்கள் பில்லில் இருக்கும் எண்களைப் போட்டுப் பாருங்கள், விடை வீட்டுக்கு வீடு மாறும். மாசசூசெட்ஸின் மாஸ் சேவ் என்ற எரிசக்திச் சேமிப்புத் திட்டத்தில் 2024ல் முழுவீட்டு ஹீட் பம்புக்கு 10,000 டாலர் வரை தந்தார்கள், தொகை மாறிக்கொண்டே இருக்கிறது. 2,000 டாலர் வரை கிடைத்த கூட்டரசு வரிச் சலுகை 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது.

ஹீட் பம்ப் நல்ல யோசனைதான். ஆனால் அதை ஜனவரி இரவில், வீடு 55 பாரன்ஹீட்டில் இருக்கும்போது, பைப் உறைந்துவிடுமோ என்ற பயத்தில் முடிவு செய்யக் கூடாது. ஏப்ரலில் மூன்று பேரிடம் விலை கேட்டு, டக்டின் (காற்றுக் குழாயின்) அளவு போதுமா என்று பார்த்து, நிதானமாகச் செய்ய வேண்டியது. அதுவரை வீட்டைச் சூடாக வைத்திருக்க ஒரு ரிலே போதும்.

யார் மாட்டுவது

மாசசூசெட்ஸில் எண்ணெய் பர்னரை நிறுவவும் பழுதுபார்க்கவும் மாநிலத் தீயணைப்புத் துறையின் சான்றிதழ் வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் டிஎஸ்எஸ்ஏ என்ற பாதுகாப்பு அமைப்பு தரும் உரிமம் உள்ளவர்தான் தொடலாம். ஸ்கார்பரோவில் இருக்கும் என் சித்தப்பா மகன், மூன்று வயர்தானே என்று கிளம்பினான். மூன்று வயர் என்பது சரிதான். தீ விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ்காரர் யார் மாட்டியது என்று கேட்பார் என்றதும் உட்கார்ந்துவிட்டான். ரெசிஸ்டர் சோதனையையும் டெக்னீஷியனிடமே விடுங்கள், பார்த்துத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை. எண்ணெய் சப்ளை செய்யும் கம்பெனியிடம் சர்வீஸ் கான்ட்ராக்ட் இருந்தால் அதன் தாளை எடுத்துப் படியுங்கள். சில கான்ட்ராக்டுகளில் பிரைமரி கன்ட்ரோலும் அடங்கும், அதைத் தெரியாமல் கைக்காசு கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்குப் பெரியவரே மாட்டினார். முதலில் தெர்மோஸ்டாட்டின் பாலத்தைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார், அப்புறம்தான் பேஸ்மென்டுக்கு இறங்கினார். பாகம், கூலி, நான்காம் நாள் வந்து போட்ட நாசிலும் ஃபில்டரும் எல்லாம் சேர்த்து 500 டாலருக்குள் முடிந்தது. கிளம்பும்போது பழைய ஆர்8184ஜியைக் குப்பையில் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். மூன்றாமவர் ஃபர்னஸில் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கரில் "அவசரத்துக்கு அழைக்கவும்" என்று இருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்கப் பார்த்தேன், வரவில்லை.